செத்த முதலாளிக்கு ஒரு கிளாஸ் ஷஸ்லா

சுவிட்சர்லாந்தில் எத்தனையோ தமிழர் எத்தனையோ விதமான முதலாளிமாரிடம் வேலை செய்திருக்கிறார்கள். செத்துப்போன முதலாளியிடம் ஒரு நாள் லீவுகூட எடுக்காமல் வேலை செய்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் முந்திரிகை அண்ணை. முதலாளி உயிரோடு இருந்த காலத்தில் அவர் இவ்வளவு பயபக்தியாக வேலை செய்ததில்லை என்று எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்ய நான் தயார்.

எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. அண்ணைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, ஆனால் அது அவருடைய பெர்மி என்கிற வதிவிட அனுமதி அட்டையை விட்டு வெளியே வந்ததில்லை. நாங்கள் வாழ்ந்த நொஷாட்டல் நகரத்துத் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேருக்கு அது தெரியாது. மற்றப் பாதிப் பேர் மறந்துபோனார்கள். முந்திரிகைத் தோட்டத்தில் வேலை கேட்டுப் போனபோது, அனுபவம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். "நாங்கள் பரம்பரையாய் முந்திரிகைக்காரர்" என்று மனிதர் கூசாமல் அடித்துவிட்டார். உண்மையில் அவர்கள் வீட்டில் கிணற்றடிப் பந்தலில் ஒரே ஒரு கொடி நின்றதாம். அதன் பழத்தைத் தின்ற காகம் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை என்று அவரே ஒருமுறை என்னிடம் ஒப்புக்கொண்டார்.

நான் அப்போது ஏரிக்கரை உணவகம் ஒன்றின் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணையும் நானும் ஒரே ஃபிளாட்டில் ஆளுக்கோர் அறையில் இருந்தோம். அவர் வேலை செய்த தோட்டம் நகரத்துக்கு மேற்கே, பஸ்ஸில் போகிற தூரத்தில், ஒரு மேட்டில் இருந்தது. முன்னால் ஏரி, பின்னால் ஜூரா மலை, நடுவில் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வரிசை வரிசையாகக் கொடிகள். அங்கே விளைகிற வெள்ளை முந்திரிகைக்கு ஷஸ்லா என்று பெயர். அதிலிருந்து வருகிற வெள்ளை வைன் அதிர்ந்து பேசாத ஒரு வைன். வாயில் வைத்தால் முதலில் ஒன்றும் சொல்லாது. விழுங்கிய பிறகுதான் வந்து போனதே தெரியும். அந்த ஊர் மனிதர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

கோடையில் போனால் அந்த மேடு ஒரு கலியாண வீடு போல இருக்கும். ஒக்டோபர் கடைசியில் போய்ப் பார்க்க வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் ஏரி இருந்த இடத்தில் ஏரி இராது. பத்தடி தள்ளி நிற்பது மனிதரா, கொடி கட்டிய தடியா என்று தெரியாது. குரல் மட்டும் வரும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்றும் சொல்ல முடியாது. எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு.

தோட்டத்தின் முதலாளியை நாங்கள், பெரிய ஐயா என்பதற்குப் பிரெஞ்சில், பெரிய முசியே என்போம். நெடிய, வற்றிய கிழவர். ஒரு நாளைக்கு நாலு சொல் பேசினால் அன்று அவர் வாயாடிவிட்டார் என்று அர்த்தம். அண்ணையோ தமிழில் ஓயாமல் கதைப்பவர், பிரெஞ்சில் வினைச்சொல்லைத் திருப்பவே தெரியாதவர். "நான் போக", "நீ வர", "நேற்று மழை பெய்ய" என்றுதான் அவருடைய பிரெஞ்சு நடக்கும். ஆகவே இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

அண்ணை ஒரு துளி குடிக்க மாட்டார். செவ்வாய் வெள்ளியில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார். அப்படிப்பட்ட ஆளுக்குப் பெரிய முசியே ஒரேயொரு வித்தையை மட்டும் கற்றுக்கொடுத்திருந்தார். அது வைன் ஊற்றுகிற வித்தை. போத்தலை உயரத் தூக்கி, நூல் பிடித்த மாதிரிக் கிளாஸின் நடுவில் ஊற்ற வேண்டும். அந்தப் பக்கத்து வைனில் மெல்லிய குமிழிகள் உண்டு. சரியாக ஊற்றினால் அந்தக் குமிழிகள் நடுவில் கூடி ஒரு நட்சத்திரம் போல நிற்கும். கண் சிமிட்டினால் கலைந்துவிடும். நட்சத்திரம் விழுந்தால் வைன் நல்லது என்பது அந்த ஊர்க்காரரின் பழைய வழக்கம். அண்ணை குசினிக் குழாய்த் தண்ணீரை வைத்தே மாதக்கணக்கில் பழகினார். எங்கள் குசினித் தரை காய்ந்திருந்த நாள் அந்த வருடம் கிடையாது.

ஒரு ஒக்டோபர் கடைசியில், பழம் ஆய்ந்து முடித்து, சாறு தொட்டிகளில் நுரைத்து அடங்கிய பிறகு, பெரிய முசியே இறந்துபோனார். நிலவறையில், தன்னுடைய மரக்கதிரையில், கையில் கிளாஸைப் பிடித்தபடி. வைன் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவரைக் கண்டெடுத்தது அண்ணைதான். கண்டெடுத்தது என்று சொல்வது அவ்வளவு சரியில்லை. காலையில் இறங்கிப்போன அண்ணை, முசியே யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, வணக்கம் சொல்லி, அவரைச் சுற்றிக் கூட்டித் துடைத்து, கால் இருந்த இடத்தை மட்டும் மரியாதைக்காக விட்டுவிட்டு, தன்னுடைய பல்வலியின் முழு வரலாற்றையும் அவருக்குச் சொல்லியிருக்கிறார். மத்தியானம் ஆகியும் முசியே சாப்பிட எழும்பாதபோதுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

"அண்ணை, அரைநாள் செத்த மனுசரோடையே கதைச்சுக்கொண்டு இருந்திருக்கிறியள். வித்தியாசம் தெரியேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லையடா தம்பி. வழமையை விடக் கவனமாய்க் கேட்டவர்" என்றார் அண்ணை.

செத்தவீடு அந்த ஊர் முறைப்படி நடந்தது. தேவாலயம், பிறகு ஒரு மண்டபத்தில் ஆளுக்கொரு கிளாஸ் வெள்ளை வைன், கொஞ்சம் பன்றித்தொடை இறைச்சி, கைகுலுக்கல், முடிந்தது. அண்ணையால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"எட்டுக் கழிக்கேல்லை, ஒண்டுமில்லை. உந்த மனுசன் இனி எங்கை போறது? பஸ் ஸ்டொப்பிலை நிக்கிற மாதிரி நிக்கப்போகுதே" என்று அழாக்குறையாகச் சொன்னார்.

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, ஒரு பங்கைக் கொண்டுபோய் முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது எங்கள் வழக்கம். ஊரில் என்றால் சாராயமும் மீன் பொரியலும் போதும். இங்கே அண்ணைக்கு ஒரு பெரிய பட்டியல் மனப்பாடமாக இருந்தது. மாவில் புரட்டிப் பொரித்த ஏரி மீன், உருக்கிய சீஸ், புகையில் காய்ந்த சொசேஜ், முந்திரிகை வற்றல் போட்ட இனிப்புப் பாண், எல்லாவற்றுக்கும் தலைவனாக ஒரு போத்தல் ஷஸ்லா. மீன் நான் கொண்டுவந்தேன். சீஸைச் சோற்றுப் பானையில் உருக்கி அண்ணை அடிப்பிடிக்க விட்டார். அன்று வெள்ளிக்கிழமை. சொசேஜைக் குறடால் பிடித்துத் தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு வெட்டினார்.

வாழையிலைக்கு எங்கே போவது? மஞ்சளாகிப் போன முந்திரிகை இலைகளை ஒரு தட்டில் பரப்பி அதன்மேல் படைத்தோம். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டு. தோட்டத்துப் பாதை மூன்றாகப் பிரிகிற இடத்தில் தட்டையும் கிளாஸையும் வைத்தோம். அண்ணை போத்தலை உயரத் தூக்கி ஊற்றினார். டோர்ச் வெளிச்சத்தில் குமிழிகள் கூடி நின்றதைப் பார்த்தேன். "வந்திட்டார்" என்றார் அண்ணை. பிறகு இரண்டு பேரும் திரும்பி நடந்தோம். பத்தடி நடந்திருக்க மாட்டோம். பின்னால் மூடுபனிக்குள் கிளாஸ் தட்டில் படுகிற சத்தம் கேட்டது. மெல்லிய, மரியாதையான சத்தம்.

"திரும்பாதை!" என்றார் அண்ணை.

நான் ஏன் திரும்புகிறேன்? ஓடுவதற்கே கால் போதவில்லை.

அடுத்த நாள் கிராம சபையிலிருந்து வீதி துப்புரவு செய்கிறவர் தோட்டத்துக்கு வந்துவிட்டார். வழியில் சாப்பாட்டு மிச்சம் போடக் கூடாது, அதற்குப் பச்சைத் தொட்டி இருக்கிறது என்று பணிவாக விளக்கினார். மிச்சம் எவ்வளவு இருந்தது என்று அண்ணை ஆவலாகக் கேட்டார். மிச்சமே இல்லை, தட்டு வழித்துத் துடைத்தபடி இருந்தது, கிளாஸ் காலியாக நிமிர்ந்து நின்றது என்றார் அவர்.

"நரி அண்ணை. அல்லது நாய்" என்றேன் நான்.

"நரி கிளாஸ் விழாமல் குடிக்குமோ?" என்றார் அண்ணை. சுவிஸ் நரி ஒருவேளை குடிக்கும் என்றேன். அவர் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

எட்டுக் கழித்தால் செத்தவர் போய்விட வேண்டும். அதுதான் கழிப்பதன் நோக்கமே. பெரிய முசியே போகவில்லை. அண்ணையின் சமையல் பிடித்துப்போயிற்று என்பதுதான் என் அபிப்பிராயம். நிலவறையில் அந்த மரக்கதிரைக்கு முன்னால், வேலை முடிகிற நேரம் அண்ணை ஒரு கிளாஸ் ஷஸ்லா ஊற்றி வைப்பார். காலையில் வந்து பார்த்தால் குறைந்திருக்கும். சில நாள் முழுதும் போயிருக்கும். நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை என்பதால், கிளாஸில் வைன் நின்ற மட்டத்துக்கு ஒரு ரப்பர் பட்டியைப் போட்டுவிட்டு, ஒரு ஞாயிறு மத்தியானம் படிக்கட்டில் காவல் இருந்தேன். கதவுக்கு வெளியே அண்ணை கொடி நறுக்குகிற கத்தரிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. என்னைத் தாண்டாமல் ஒருவரும் உள்ளே இறங்க முடியாது. கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பேன். முழித்துப் பார்த்தபோது கிளாஸ் காலி. ரப்பர் பட்டி கழன்று மேசையில் கிடந்தது.

நான் படிக்கட்டை ஒன்றுவிட்டு ஒன்று தாண்டி மேலே வந்தேன். "என்னவாம்?" என்று கேட்டார் அண்ணை, கத்தரியை நிறுத்தாமல்.

அதன் பிறகு அண்ணை வைனோடு சாப்பாடும் வைக்கத் தொடங்கினார். குடிக்கத் தெரியாத மனிதர், எந்தக் கறிக்கு எந்த வைன் பொருந்தும் என்பதில் இப்படித்தான் நிபுணரானார். நண்டுக் குழம்பு வைத்த அன்று கிளாஸ் தொடப்படவேயில்லை. "மிளகாய்த்தூள் கூடிப்போச்சு. மனுசனுக்கு உறைச்சிட்டுது" என்று வருத்தப்பட்டார். மறுநாள் இடியப்பமும் சொதியும் வைத்தார். கிளாஸ் காலி. தேங்காய்ப் பாலுக்கும் ஷஸ்லாவுக்கும் அப்படியொரு சொந்தம் என்று அன்று முழுக்கப் பிரசங்கம் செய்தார். கத்தரிக்காய்ப் பால்கறிக்கு அரைக் கிளாஸ். கருவாட்டுக்கு ஒன்றுமில்லை. கருவாடு வைத்த நாள் கதிரையே கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தது என்றார். அதை நான் பார்க்கவில்லை.

ஜனவரி மூன்றாவது புதன்கிழமை அந்தப் பகுதியில் வடிகட்டாத புது வைன் வெளியே வரும். மண்டி கலந்த, கலங்கலான வைன். போத்தலை ஒருமுறை தலைகீழாய்த் திருப்பி மண்டியை எழுப்பிவிட்டுத்தான் திறப்பார்கள். அதை வாங்கச் சூரிச்சிலிருந்து வந்த ஒரு சோடி, எதனோடு சாப்பிட்டால் நல்லது என்று அண்ணையைக் கேட்டது. "செத்த முசியே உளுந்து வடை விரும்ப" என்றார் அண்ணை, தன் பிரெஞ்சில். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போனார்கள். சுவிஸ்காரருக்கு வைனைப் பற்றி எதைச் சொன்னாலும் அது பாரம்பரியம் என்றுதான் எடுப்பார்கள்.

நட்சத்திரமும் அவருக்குப் பெரிய தொழிலாகிவிட்டது. கேள்வியைக் கேட்டுவிட்டு ஊற்றுவார். விழுந்தால் ஓம். விழாவிட்டால் இல்லை. டெலிபோன் கொம்பனியை மாற்றலாமா, முழங்காலுக்கு ஊசி போடலாமா, எல்லாம் பெரிய முசியேயிடம்தான். அந்த முழங்கால் ஊசிக்கு முசியே மூன்று முறை மறுத்துவிட்டார். அண்ணை நொண்டிக்கொண்டே திரிந்தார்.

இப்போது மதாம் கொலெத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய முசியேயின் ஒரே மகள். வின்டர்தூரில் கணவன், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் பிள்ளை, ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நடை பழக்குகிற வேலை. இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெள்ளியும் நாட்டின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு ரயிலில் வந்து, தோட்டத்தையும் பார்த்து, ஞாயிறு திரும்பிப் போவார். தகப்பன் சாகுமுன், தோட்டத்தை விற்கமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வந்த முதல் வசந்தத்தில் கொடிகளுக்கு நடுவே ஓடித் திரிந்த பெண், செப்டெம்பரில் பழக்கூடையில் சாய்ந்து நின்றபடியே தூங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். மகள் டெலிபோனில் அழுதால் இவரும் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுவார்.

பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கத் தயாராக இருந்தார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு மலை மாதிரி இரண்டு மகன்மார். வேலையாள் தேவையில்லை. தோட்டம் கைமாறினால் அன்றே அண்ணைக்கு வேலை போகும். ஐம்பத்தைந்து வயது, நொண்டிக் கால், வினைச்சொல் திரும்பாத பிரெஞ்சு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு வேறு வேலை எங்கே கிடைக்கும்? வேலை இல்லாவிட்டால் பெர்மியும் ஆட்டம் காணும். நொஷாட்டல் தமிழ்ச் சனம் முழுவதும் இதைப் பற்றித்தான் கதைத்தது. செத்த முசியே விற்க விடமாட்டார், அண்ணை அதைப் பார்த்துக்கொள்வார் என்று கண்ணடித்துச் சிரித்தார்கள். அண்ணை பேய்க்கதை கட்டுவதே அதற்காகத்தான் என்று சொன்னவர்களும் உண்டு.

பெரிய முசியே செத்து ஒரு வருடம் நிறைகிற ஆட்டைத் திவசம் நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை மதாம் கொலெத் அண்ணையிடம் வந்தார். நானும் நின்றேன்.

"நீங்கள் அப்பாவோடு பேசுவதாக ஊரில் சொல்கிறார்கள். எனக்காக ஒன்று கேட்பீர்களா?" என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்திருந்தது. "நான் விற்றால் அவர் மன்னிப்பாரா?"

நான் மொழிபெயர்த்தேன். தேவையிருக்கவில்லை. அண்ணைக்கு விளங்கிவிட்டது. பெரிய முசியேயைச் சுற்றிக் கூட்டிய அன்றுகூட அவர் முகம் அப்படி வெளிறியிராது.

திவசத்தன்று பின்னேரம் மூடுபனி நிலவறைப் படிக்கட்டுவரைக்கும் இறங்கி வந்து நின்றது. கதிரைக்கு முன்னால் மேசை. அதில் பொரித்த ஏரி மீன், சீஸ், சொதி, வடை, ஒரு குத்துவிளக்கு. தொட்டிகளுக்குள் புது வைன் எங்கோ மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நானும் மதாமும் அண்ணையும் மட்டும்தான். நாலாவதாக ஒருவர் நிற்கிறார் என்று என் முதுகு சொல்லிக்கொண்டே இருந்தது. முதுகின் பேச்சை நான் கேட்பதில்லை என்று இருமுறை சொல்லிப் பார்த்தேன்.

மதாமே ஊற்றட்டும் என்றார் அண்ணை. நட்சத்திரம் விழுந்தால் விற்கலாம், விழாவிட்டால் வேண்டாம். மதாம் கொலெத்துக்குத் தகப்பனுடைய கை. போத்தலை உயரத் தூக்கி, நூல் பிடித்த மாதிரி ஊற்றினார். மூன்று தலையும் கிளாஸுக்கு மேல் குனிந்தன.

ஒன்றும் விழவில்லை. இரண்டு மூன்று குமிழிகள் வந்து ஓரத்துக்குப் போய் மறைந்துவிட்டன. வைன் கண்ணாடி மாதிரிச் சும்மா நின்றது.

மனதுக்குள் நான் ஒரு தேங்காயே உடைத்துவிட்டேன். அண்ணையின் வேலை தப்பியது. அவர் வாயைத் திறக்கவே தேவையில்லை. பொய் இல்லை, நடிப்பு இல்லை, கேட்டவரே ஊற்றி, கேட்டவரே பார்த்துவிட்டார். இனி ஊர் அவரை ஒன்றும் சொல்ல முடியாது.

மதாம் கொலெத் போத்தலைத் துடைத்து மேசையில் வைத்தார். பிறகு, "சரி அப்பா" என்றார். அவ்வளவுதான். சின்னப் பிள்ளை அடி வாங்கிவிட்டுச் சொல்கிற சரி. கோட்டை எடுக்கத் திரும்பினார்.

அப்போதுதான் பின்னால் கதிரை கிறீச்சிட்டது.

ஒரு வருடமாக ஒருவரும் உட்காராத கதிரை அது. அண்ணை அதில் உட்கார்ந்திருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. எப்போதும் கூன் போட்டுத் திரிகிற மனிதர் அவர். கண் பாதி மூடியிருந்தது. கை நீண்டு கிளாஸை எடுத்தது. வாழ்க்கையில் ஒரு துளி தொடாத முந்திரிகை அண்ணை, வைனை வாயில் விட்டு, கன்னம் கன்னமாக உருட்டி, மெல்ல விழுங்கினார். பெரிய முசியே அப்படித்தான் விழுங்குவார். விளக்கின் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்று இல்லை.

"விற்க" என்றது அந்தக் குரல். பிரெஞ்சில். "வீட்டுக்குப் போக. பிள்ளையைப் பார்க்க. தூங்க."

பரம்பரை நொஷாட்டல்காரர் ஒருவர் செத்து ஒரு வருடத்தில் இலக்கணம் முழுவதையும் மறந்துவிடுவாரா என்று எனக்குள் ஒரு மூலை கேட்டது. மற்ற மூலைகள் எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தன. மதாம் கொலெத் எதையும் கேட்கவில்லை. அந்தக் கதிரையடியில் முழங்காலில் விழுந்து, அண்ணையின் மடியில் தலையை வைத்து, சத்தம் போட்டு அழுதார். ஒரு கை எழுந்து அவர் தலையில் வந்து படிந்தது. ஊரில் உரு வந்து ஆடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி அசையாமல் இருந்து ஆடியவரை அன்றுதான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணை கண்ணைத் திறந்தார். மடியில் கிடந்த மதாமைப் பார்த்துப் பதறி எழும்பப் பார்த்தார், முழங்கால் விடவில்லை.

"என்ன தம்பி நடந்தது? ஏன் எனக்கு வாயெல்லாம் புளிக்குது?" என்றார்.

பஸ் ஸ்டொப்புக்கு இறங்குகிற வழியில் மூடுபனிக்குள் அவரை முன்னால் விட்டு நான் பின்னால் நடந்தேன். பின்னால் நடப்பதும் பயமாக இருக்க, பக்கத்தில் வந்தேன்.

"அண்ணை, உங்கடை தலையிலை நீங்களே மண்ணை அள்ளிப் போட்டிட்டியள். இனி என்ன செய்யப்போறியள்?"

"நானோ? நான் எங்கை கதைச்சனான்? முசியே எல்லோ கதைச்சவர்."

"முசியேக்கு உங்களை விட நல்லாய்ப் பிரெஞ்சு தெரியும்."

அண்ணை பஸ் வரும்வரைக்கும் வாயைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு நின்றார்.

வசந்தத்தில் தோட்டம் கைமாறியது. மதாம் கொலெத் அண்ணையைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வின்டர்தூருக்குப் போனார். அண்ணை நாலைந்து மாதம் வேலைக்கு அலைந்து, கடைசியில் சூரிச்சுக்குப் பக்கத்தில் டீட்டிகோனில் சாமான் கட்டுகிற களஞ்சியம் ஒன்றில் சேர்ந்தார். ஜன்னல் இல்லாத கட்டடம். பெர்மி எப்படியோ தப்பியது. பிரெஞ்சு தெரியாதவருக்கு இப்போது ஜெர்மன் தெரியாத வாழ்க்கை.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். இடியப்பமும் சொதியும் செய்து வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்து ரீ குடிக்கும்போது கேட்டேன். அன்றைக்குக் கதைத்தது யார்?

அண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நான்தான்" என்றார்.

எனக்கு அது முன்பே தெரியும். ஆனால் அவர் குரலை அடக்கிக்கொண்டு தொடர்ந்து சொன்னது எனக்குத் தெரியாதது.

"நட்சத்திரம் விழேல்லை, நீயும் பாத்தனிதானே. விக்காதை எண்டுதான் முசியே சொன்னவர். எனக்குச் சாதகமாய்த்தான் சொன்னவர். செத்த மனுசன்ரை வாக்கை நான் மாத்திச் சொல்லிப்போட்டன். அண்டையோடை அவர் வாறேல்லை, தம்பி. ஒருநாளும் வாறேல்லை. கோவம் போலை."

"அண்ணை, அது கிளாஸிலை எண்ணெய். வடை பொரிச்ச கையாலை துடைச்சனாங்கள். எண்ணெய்க் கிளாஸிலை குமிழி நிக்காது. நான் குசினிக்காரன், எனக்குத் தெரியும்."

அவர் அதை நியாயமாக யோசித்துப் பார்த்தார். "எண்ணெயைப் பூச வைச்சதார்?" என்றார்.

நான் வேறு பக்கத்தால் வந்தேன்.

"அப்ப ஏன் மாத்திச் சொன்னியள்? அவர் உங்கடை பக்கம் எண்டால் பேசாமல் இருந்திருக்கலாமே."

"அந்தப் பிள்ளை நிண்டுகொண்டு நித்திரை கொண்டதடா" என்றார் அண்ணை. "முசியே செத்தவர். அவருக்கு இனி நேரம் கிடக்கு, ஆறுதலாய்க் கோவிக்கட்டும். இருக்கிற பிள்ளைக்கு ஆராவது சொல்லத்தானே வேணும், போய்ப் படு எண்டு."

வேலை போகும் என்று தெரிந்து ஒருவருக்கு உதவி செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேய் கோபிக்கும் என்று மனதார நம்பிக்கொண்டு, அந்தப் பேயை உயிராக நேசித்துக்கொண்டு, அதன் முகத்துக்கு நேரேயே ஒரு பொய்யைச் சொல்லி ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிய ஆளை அவரைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

முந்திரிகை அண்ணையை எனக்கு நிரம்பப் பிடிக்கும். அதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், எனக்குள் வந்து நின்று கதைப்பது யார் என்று கேட்பார்.